நிழலும் ஒரு நிலமே

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. வேதியியல்)

பூ என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது விலைதான். இன்று மல்லிகை கிலோ என்ன விலை, பிச்சி என்ன விலை, முகூர்த்த நாளில் எவ்வளவு ஏறும் என்பவை ஆண்டிபட்டிப் பக்கத்துச் சிறுவர்களுக்கும் தெரிந்த செய்திகள். விடியுமுன் எழுந்து பூப்பறித்துவிட்டு, அதே கையோடு கல்லூரிக்கு வரும் தோழியர் நம்மிடையே உண்டு. விலை போகும் பூவே பூ என்ற எண்ணம் நமக்கு வந்ததில் வியப்பில்லை. அந்த விலையில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

ஆயினும் விலை இல்லாத, தலையில் சூட முடியாத, கோயிலுக்கும் ஆகாத ஒரு பூக்கூட்டம் நம் மலையிலும் நம் கொல்லையிலும் இருக்கிறது. அதனைப் பார்த்த மாத்திரத்தில் பலர் ஓரடி பின்னால் வைப்பார்கள். சிலர் கம்பை எடுப்பார்கள். அந்தப் பூக்களுக்காக நம் கல்லூரியில் ஒரு மூலை நிலம் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். எந்தப் பூவை வளர்க்க வேண்டும், எதனை வளர்க்கக் கூடாது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதனையும் சொல்லிவிடுகிறேன்.

படமெடுக்கும் பூ

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான ஈரக்காடுகளிலும் சோலைகளிலும், பழனி மலையிலும், மழைக்காலம் தொடங்கியதும் மரநிழலில் ஒரு செடி தலைகாட்டும். அதன் தண்டில் பாம்பின் தோலைப் போலப் புள்ளிகளும் வரிகளும் இருக்கும். குடைக்கம்பிகள் விரிந்தாற்போல் இலைகள் சுற்றிலும் பரந்திருக்கும். நடுவே பச்சையும் ஊதாவும் கலந்த ஒரு குழல் எழுந்து, மேலே முன்பக்கமாக வளைந்து, நல்லபாம்பு படமெடுத்தது போல் கவிந்து நிற்கும். ஆங்கிலத்தில் இதற்குக் கோப்ரா லில்லி என்று பெயர். லில்லிக்கும் இதற்கும் உறவே கிடையாது. தாவரவியலார் இதனை அரிசேமா என்பர். இதன் குடும்பம் ஏரேசி. அதாவது நம் சேனைக்கிழங்கின் குடும்பம், சேப்பங்கிழங்கின் குடும்பம்.

படம் போலத் தோன்றுவது உண்மையில் பூவன்று. அது ஒரு மடல். உள்ளே விரல் போல் நிற்கும் காம்பே மடல்கதிர். அதன் அடிப்பகுதியில்தான் கடுகளவுப் பூக்கள் நெருங்கி அமர்ந்திருக்கும். தென்னம்பாளை வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. அங்கே பாளை செய்யும் காவல் வேலையை இங்கே மடல் செய்கிறது.

அரிசேமாக்களில் ஒன்றுக்கு 'லெஷனோல்டியை' என்று பெயர். 1816இல் புதுச்சேரிக்கு வந்து, அங்கே தாவரத் தோட்டம் அமைத்த பிரெஞ்சுத் தாவரவியலர் லெஷனோவின் நினைவாக வைத்த பெயர் அது. நம் மலைப் பூவுக்கு அயல்நாட்டார் பெயர் அமைந்தது பற்றி நாம் வருந்த வேண்டியதில்லை. பார்த்தவர் பெயர் வைத்தார், பார்க்காதவர் வைக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆணாகிப் பெண்ணாகி

இந்தச் செடியின் வாழ்க்கை கதையைவிட விந்தையானது. அரிசேமா இனங்கள் பலவற்றில் ஒரே செடி ஓராண்டு ஆணாகவும் மற்றோராண்டு பெண்ணாகவும் இருக்கும். கிழங்கு சிறிதாக இருக்கும் இளமையில் அது ஆண். மகரந்தம் மட்டும் செய்வதற்கு அதிகச் செலவில்லை. ஆண்டுகள் சென்று, கிழங்கு பருத்து, சேமிப்பு கூடியபின் அது பெண்ணாகிக் காய் காய்க்கும். காய்த்துக் களைத்தாலோ, மழை பொய்த்துக் கிழங்கு மெலிந்தாலோ மறுபடியும் ஆணாகிவிடும். கையில் இருப்பு எவ்வளவோ அதற்கேற்பக் குடும்பம் நடத்தும் இந்தச் சிக்கனத்தை நம் வீடுகளில் தாய்மார்களிடம் மட்டுமே கண்டிருக்கிறோம்.

இதன் மகரந்தச் சேர்க்கை சற்றுக் கொடூரமானது. காளான் முளைக்கும் ஈர இடங்களில் திரியும் கொசு போன்ற சிறு பூச்சிகள் வாசனையால் ஏமாந்து மடலுக்குள் விழும். உட்சுவர் வழுவழுப்பாக இருப்பதால் மேலே ஏற இயலாது. ஆண் செடியின் மடலுக்கு அடியில் சிறியதொரு இடைவெளி உண்டு. உடலெல்லாம் மகரந்தம் அப்பிய பூச்சி அதன் வழியே தப்பிவிடும். பெண் செடியின் மடலில் அந்த வாசல் இல்லை. அங்கே விழுந்த பூச்சி தேடித் தேடி அலைந்து, கொண்டுவந்த மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு உள்ளேயே மடியும்.

சேனையின் வழி வேறு. அதன் ஒரே மடல்கதிரில் கீழே பெண் பூக்களும் மேலே ஆண் பூக்களும் இருக்கும். பெண் பூக்கள் முந்தியும் ஆண் பூக்கள் பிந்தியும் முதிர்வதால் தன் மகரந்தம் தன்மேல் விழுவதில்லை. பூத்த வேளையில் மடல்கதிர் சூடேறி, அழுகிய இறைச்சியின் நாற்றத்தைப் பரப்பி, வண்டுகளையும் ஈக்களையும் அழைக்கும். செடிக்குச் சூடு உண்டா என்று கேட்கலாம். இந்தக் குடும்பத்துப் பூக்கள் சூடாவதை லமார்க் என்ற பிரெஞ்சு அறிஞர் 1778இலேயே எழுதியிருக்கிறார்.

"ரெண்டு கிழங்கு தோண்டிட்டு வருவோம்"

இந்தக் குடும்பத்தின்மேல் உலகுக்கு ஒரு மோகம் உண்டு. சுமத்திரா தீவில் 1878இல் பெக்காரி என்ற இத்தாலியர் கண்டறிந்த பேருருவச் சேனை, 1889இல் இலண்டன் கியூ தோட்டத்தில் முதன்முதலாகப் பூத்தது. இன்றும் அது எந்த நாட்டுத் தோட்டத்தில் பூத்தாலும் மக்கள் வரிசையில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். இமயமலை அரிசேமாக்கள் குளிர்நாட்டு மரநிழல் தோட்டங்களில் விருப்பத்துடன் வளர்க்கப்படுகின்றன.

அந்தப் படங்கள் இப்போது நம் கைப்பேசிகளுக்கும் வந்துவிட்டன. அவற்றைப் பார்த்த வகுப்புத் தோழர் ஒருவர், "மேகமலைக்குப் போறப்ப ரெண்டு கிழங்கு தோண்டிட்டு வருவோம்டா, நம்ம காலேஜ்ல வைப்போம்" என்றார். ஆர்வத்தில் சொன்ன சொல்தான். ஆனால் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, சட்டம். மேகமலைக் காடுகள் 2021 முதல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. அங்கிருந்து ஒரு செடியையும் நாம் எடுத்துவர உரிமையில்லை. வைகையின் தலைமாடு அந்த மலை. அங்கே கை வைப்பது நம் குடிநீரில் கை வைப்பதாகும்.

இரண்டாவது, தட்பவெப்பம். சோலைக்குளிரில் வாழ்ந்த கிழங்கைச் சித்திரை வெயிலில் கானல் பறக்கும் ஆண்டிபட்டியில் நட்டால், அது ஓராண்டு சேமிப்பை உண்டு ஓர் இலை விடும். மறு ஆண்டு இராது. குளிர்பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினால் அதன் பெயர் தோட்டமன்று, மருத்துவமனை.

மூன்றாவது, நீதி. நாம் தோண்டும் பருத்த கிழங்கு பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும். மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். பல ஆண்டுகள் சேர்த்துவைத்து, இப்போதுதான் காய்க்கத் தொடங்கிய செடி அது. அதை எடுத்தால் போவது ஒரு செடியன்று. அந்த இடத்தின் விதைகள் அனைத்தும் போகும்.

உயர்ந்த மலைச் செடிகளைக் காக்கும் வேலையை அவற்றின் தட்பவெப்பத்தில் வாழ்பவர்கள் செய்யட்டும், செய்தும் வருகிறார்கள். கேரளத்து வயநாட்டில் வோல்ஃப்கங் தொயர்காஃப் என்ற ஜெர்மானியர் 1981இல் தொடங்கிய குருகுலத் தாவரப் புகலிடம், காட்டின் ஓரத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் அருகிய செடிகளை வளர்த்துவருகிறது. அதே மழை, அதே நிழல், அதே சருகு. அதுதான் முறை. செடியை நம் ஊருக்கு இழுப்பதன்று. செடியின் ஊரில் நாம் வேலை செய்வது.

நம் கொல்லையில் நிற்பது யார்?

அப்படியானால் நமக்கு எதுவுமே இல்லையா? உண்டு. நாம் பார்க்காமல் விட்டதுதான் குறை.

கோடைமழை ஒன்று பெய்து மண் நனைந்தவுடன், இலை ஏதுமின்றி வெறுந்தரையைப் பிளந்துகொண்டு, கருஞ்சிவப்பாய், விளிம்பு சுருங்கிய மணி போல ஒரு பூ எழும். அதுதான் சேனைப்பூ. கிழங்கை வெட்டி நட்டு, தைமாதம் தோண்டி எடுத்துவிடுவதால் நம்மில் பெரும்பாலோர் அதைக் கண்டதில்லை. சில ஆண்டுகள் தொடாமல் விட்ட கிழங்கே பூக்கும். பூ மறைந்தபின் ஒற்றை இலை எழுந்து குடை விரிக்கும். அந்த இலையின் காம்பைத்தான் நாம் தண்டு என்கிறோம். அதிலும் அதே பாம்புத்தோல் புள்ளிகள். ஆண்டுதோறும் பழைய கிழங்கு கரைந்து புதுக்கிழங்கு உருவாகும். மேகமலைக்குப் போகாமலே காணக்கூடிய அதிசயம் இது.

காட்டுச்சேனைகளும் இருக்கின்றன. மழைக்குப்பின் சமவெளியில் முளைக்கும் தெரியோஃபோனம் என்ற சிறு செடி இருக்கிறது. அதன் மடலைக் காணக் குனிந்து உட்கார வேண்டும். கருணைக்கிழங்கு இருக்கிறது. கருணை என்ற பெயரை ஓர் ஊரில் ஒரு செடிக்கும் மற்றோர் ஊரில் வேறொரு செடிக்கும் வழங்குகிறார்கள். பிடிகருணை, காராக்கருணை என்று அடைமொழிகள் வேறு. எந்தக் கருணையைச் சொல்கிறோம் என்பதில் தெளிவில்லாவிட்டால் மருந்தும் சமையலும் மாறிப்போகும். இலத்தீன் பெயர் எதற்கு என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு இதுவே விடை.

எங்கள் வீட்டில் கல்லூரிப்படி ஏறிய முதல் ஆள் நான். என் அப்பத்தா கைநாட்டு. வாய்க்கால் ஓரத்து வேப்பமர நிழலில் நாலு குழி சேனை எப்போதும் வைத்திருப்பார். மாசி, பங்குனியில் அந்த இடம் வெறுந்தரையாகக் கிடக்கும். யாராவது அங்கே மண்வெட்டியைப் போட்டால், "அது ஒறங்குதுய்யா, எழுப்பாத" என்பார். செடியின் உறக்கநிலை பற்றிப் பின்னர்ப் பாடநூலில் ஒரு பத்தி படித்தேன். அப்பத்தா சொன்னதற்கு மேல் அதில் அதிகமில்லை. எந்தக் கிழங்கு நாக்கை அரிக்கும், எது அரிக்காது, எதைப் புளியில் எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பாடம். ஆனால் அவரே என்னிடம் சொல்வது, "நீ படிக்கிற புள்ள, மண்ணுல கை வைக்காத."

நண்பர்களே, இந்த ஒரு வாக்கியம்தான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் பலருக்கும் வீட்டில் கிடைக்கும் அறிவுரை இது. அதில் அன்பு இருக்கிறது. தாம் பட்ட பாடு பிள்ளை படக்கூடாது என்ற ஏக்கம் இருக்கிறது. ஆனால் அதற்கு நாம் கீழ்ப்படிந்தால் நிகழ்வது என்ன? அவர்களுடைய அறிவு அவர்களோடு போகும்; நம்முடைய அறிவு தேர்வுத்தாளோடு போகும். இரண்டும் சந்திக்க ஓர் இடம் வேண்டாமா?

ஒரு வேதியியல் பேராசிரியர்

"நீ வேதியியல் மாணவன், உனக்குச் செடியோடு என்ன வேலை?" என்று கேட்பார்கள். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அதற்கு விடையாகச் சொல்வேன். 1937இல் அக்கல்லூரி சென்னை நகருக்குள்ளிருந்து தாம்பரத்துக்குப் பெயர்ந்தபோது, அந்த வளாகம் புதர்க்காடு. அதனை மரங்கள் செறிந்த சோலையாக்கப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் எட்வர்டு பார்ன்ஸ். துணைவியாரும் அவருடன் சேர்ந்து உழைத்தார். பார்ன்ஸ் அங்கே வேதியியல் பேராசிரியர்! ஓய்வுநேரத்தில் தென்னிந்திய மலைகளில் செடி தேடியவர். படமெடுக்கும் பூக்களை ஆராய்ந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலை அரிசேமா ஒன்றுக்கு இன்றும் 'பார்ன்சியை' என்றே பெயர்.

சோதனைக் குழாயும் மண்வெட்டியும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நம் ஆய்வகத்திலேயே கால்சியம் உப்புக்கு அம்மோனியம் ஆக்சலேட் சேர்த்து வெண்ணிற வீழ்படிவு காண்கிறோம். அந்தக் கால்சியம் ஆக்சலேட்தான் சேனையிலும் கருணையிலும் ஊசி ஊசியாய் இருந்து நாக்கையும் தொண்டையையும் குத்துகிறது. அந்த வீழ்படிவு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையும். அசெட்டிக் அமிலத்தில் கரையாது என்று பதிவேட்டில் எழுதுகிறோம். அப்படியானால், புளித்தண்ணீரில் ஊசிகள் கரைந்துவிடுகின்றன என்று எளிதாகச் சொல்லிவிட முடியுமா? வேகவைக்குமுன் ஒரு துண்டு, வேகவைத்தபின் ஒரு துண்டு, ஒரு நுண்ணோக்கி. நாமே பார்த்துவிடலாம். அப்பத்தாவின் சமையல் நம் செய்முறைத் தேர்வுக்கு ஒரு கேள்வித்தாள் தருகிறது.

எப்படிச் செய்வது?

கல்லூரிக் கட்டடத்தின் பின்புறம் வேம்பும் புங்கையும் நிழல் தரும் பகுதியை நாம் வெற்றிடம் என்று எண்ணுகிறோம். வெயில் விழும் இடத்தில் குரோட்டன்ஸ், நிழல் விழும் இடத்தில் மிதிவண்டி என்பது எங்கும் உள்ள வழக்கம். அவ்விடத்தில் நான்கு சென்ட் போதும்.

உதிரும் சருகை எரிக்காமல் மரத்தடியிலேயே பரப்பி மட்கவிட வேண்டும். ஈரம் காப்பது அதுதான், உரமும் அதுதான். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆகவே மேட்டுப்பாத்தி எடுத்து, செம்மண்ணோடு மணலும் மட்கிய தொழுவுரமும் கலக்க வேண்டும். சேனைக்கு 60 செ.மீ. சதுரமும் 45 செ.மீ. ஆழமும் உள்ள குழிகள், 90 செ.மீ. இடைவெளியில். முளைக்கண் உள்ள துண்டைச் சாணிப்பாலில் நனைத்து, நிழலில் உலர்த்தி நடுவது நம் பெரியவர்கள் அறிந்த முறை. இலை இருக்கும்வரை தண்ணீர். இலை பழுத்தால் நிறுத்திவிட வேண்டும். செடி உறங்கும் இடத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைப்பது முக்கியம். மறுபடி எழும்வரை பொறுத்திருப்பது அதைவிட முக்கியம். விதையிலிருந்து வளர்த்தால் பூக்காணச் சில ஆண்டுகள் ஆகும். நாம் நடுவதை நம் தம்பி தங்கையர் பூக்கக் காண்பர். கல்லூரி என்பதே அப்படிப்பட்ட ஏற்பாடுதானே!

கிழங்குகளைக் காட்டிலிருந்து எடுக்க வேண்டாம். ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலிருந்து ஒரு கிழங்கு, அதை வைத்திருந்தவர் சொன்ன பெயரோடும் சமையல் முறையோடும் கொண்டுவரலாம். வருசநாட்டிலிருந்து ஒன்று, கம்பத்திலிருந்து ஒன்று, போடியிலிருந்து ஒன்று. ஊர்ப்பெயரும் இலத்தீன் பெயரும் ஒரே பலகையில் இருக்கட்டும்.

மறுப்புகளுக்கு விடை

"சருகு சேர்ந்தால் பாம்பு வரும்" என்பர். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். சிதறிய சோற்றை அகற்றி, நடைபாதையைச் சுத்தமாக வைத்துக்கொள்வோம். பூ படமெடுப்பதாலேயே பாம்பு வந்துவிடாது.

"நாறுமே" என்பர். உண்மைதான். ஆண்டில் ஒன்றிரண்டு நாள். அந்த இரண்டு நாளும் வகுப்பில் விளக்க முடியாத ஒரு பாடத்தை மூக்கே கற்றுக்கொள்ளும்.

"அரிக்குமே" என்பர். உண்மை. வெறுங்கையால் நறுக்கக் கூடாது. பெயர் தெரியாத எந்தக் காட்டுக்கிழங்கையும் வாயில் வைக்கவே கூடாது. இதனைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம்.

"இதனால் என்ன பயன், வேலை கிடைக்குமா?" என்பர். இது மட்டும் சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வியன்று. நான்கு சென்ட் நிலம் யாருக்கும் பணி ஆணை தராது. ஆனால் கண்ணால் கண்டு, கையால் செய்து, காரணம் கேட்கும் பழக்கத்தை அது தரும். பட்டம் வாங்கிய பின்னும் அந்தப் பழக்கம் இல்லாதவனுக்கு எந்த வேலையிலும் உயர்வில்லை. தோட்டக்கலை படிக்க விரும்புவோர்க்குப் பெரியகுளத்திலேயே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. அதற்கு ஒரு முன்வாசலாகவும் நம் மூலை அமையலாம்.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் கோடை விடுமுறைக்கு முன் அந்த மரத்தடியை எங்களுக்கு ஒதுக்கித் தாருங்கள். தாவரவியல் துறை பெயர் சொல்லட்டும். வேதியியல் துறை ஊசிகளைப் பார்க்கட்டும். தமிழ்த்துறை ஊர்ப்பெயர்களைத் தொகுக்கட்டும். முதல் குழி வெட்டும் நாளில் மேடைப் பேச்சாளர் எவரும் வேண்டாம். நம் வீடுகளிலிருந்து கிழங்கு பேணும் மூதாட்டியர் பத்துப்பேரை அழைப்போம். எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும் என்று அவர்கள் சொல்ல, பட்டப்படிப்புப் படிக்கும் நாம் மண்ணில் கை வைத்து நடுவோம்.